பதினாறு வாளியும் ஓர் இலையும்

"எட்டா, பதினாறா டீச்சர்?"

உலகநாதன் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பது முதல் தடவை இல்லை. ஆவணியில் ஒரு தடவை கேட்டார். ஐப்பசியில் ஒரு தடவை கேட்டார். இப்போது தை பிறந்துவிட்டது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அவருக்குப் பழைய கேள்விதான் மறுபடியும் பிறந்தது.

கேள்வி லேப்டாப் பற்றியது. லேப்டாப்புக்கு மூளை மாதிரி ஒரு பிராசசர். அதற்குள் எத்தனை கோர் என்பதுதான் விவகாரம். கோர் என்றால் பயந்துவிட வேண்டாம். உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். எட்டு ஆள் இருக்கிற மிஷினை வாங்குவதா, பதினாறு ஆள் இருக்கிறதை வாங்குவதா என்று தெரியாமல் ஒரு மனிதர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்துநாலு. பாவூர்சத்திரத்தில் பொன்னம்மாள் கல்யாண மகாலின் முன்பக்கத்தில் மூன்று கடைகள். முதல் கடை அவருடைய உலகு ஸ்டூடியோ. நடுவில் ஜெராக்ஸ் கடை. மூன்றாவது, மெர்சி புஷ்பத்தின் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை.

மெர்சிக்கு வயது முப்பத்திரண்டு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. இருந்தாலும் ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். காரணம் இருக்கிறது. அவரிடம் கேள்வியோடு போனவர் யாரும் பதிலோடு திரும்பியதில்லை. வீட்டுப் பாடத்தோடுதான் திரும்புவார்கள்.

ஆவணியில் உலகநாதன் கேட்டபோது டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்த வேலைக்கு அண்ணாச்சி?"

"எல்லா வேலைக்குந்தான்."

"அப்ப யோசிச்சிட்டு வாங்க."

ஐப்பசியில் கேட்டபோது டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இருந்த ஸ்குரூ டிரைவர்களை எல்லாம் அள்ளி அவர் முன்னால் போட்டார். பதினாறு இருந்தன. பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, அதில் ஒரே ஒரு ஸ்குரூவைத் தொட்டுக் காட்டினார்.

"இத்தனையும் வச்சு இதைக் கழட்டுங்க."

உலகநாதன் சிரித்தார். டீச்சர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் பிராசசர் பற்றி இன்னும் நாலு வீடியோ பார்த்தார்.

நல்ல மனிதர்தான். ஆனால் வீடியோ பார்க்கிற மனிதர்.

இன்றைக்கு வந்ததோ வேறு விதம். முற்பகலில் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். தன் பழைய லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, பழைய மானிட்டர்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் அதன் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கே இருந்துதான் கேட்டார்.

"எட்டா, பதினாறா டீச்சர்? இன்னைக்குத் தெரிஞ்சே ஆகணும். என் மச்சினன் நாளைக்குத் துபாய்ல இருந்து கிளம்புதான். கடைக்குப் போயிட்டு ரெண்டு மணிக்குப் போன் பண்ணுவான். வாயைத் திறந்து ஒரு நம்பர் சொல்லணும்."

"வாயை மானிட்டருக்குப் பின்னாடி வச்சுக்கிட்டா எப்படித் திறக்கிறது? வெளிய வாங்க."

"வெளிய வர முடியாது."

"ஏன்?"

உலகநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"மகால்ல இன்னைக்கு யாருக்கு வளைகாப்புன்னு பாத்தீங்களா?"

டீச்சர் பார்த்திருந்தார். வாசலில் வாழை மரம் கட்டி, பூவில் பெயர் எழுதியிருந்தது. வடிவு.

"அந்தப் பிள்ளை கல்யாணம் வைகாசியில இதே மகால்லதான் நடந்துச்சு. படம் எடுத்தது நான். ஆல்பம் இன்னும் குடுக்கல. கல்யாண ஆல்பம் வர்றதுக்குள்ள வளைகாப்பு வந்திருச்சு."

சொல்லும்போதே அவர் முகம் சுருங்கிவிட்டது. வடிவுக்குக் காது குத்தியபோது படம் எடுத்தவர் அவர். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது எடுத்தவரும் அவர்தான். அந்த வீட்டில் நல்லது என்றால் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்து உலகநாதனுக்கு. முப்பது வருஷமாக அப்படித்தான். இன்றைக்கு அவருக்குச் சொல்லவில்லை. தென்காசியில் இருந்து வேறொரு ஸ்டூடியோவைக் கூட்டி வந்திருந்தார்கள். காலையில் அவர் தன் கடை ஷட்டரைத் தூக்கும்போது, அவர் கண் முன்னாலேயே அந்த ஆட்கள் குடை விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"வீடு கை நழுவிப் போச்சு டீச்சர். எல்லாம் இந்த மிஷினால வந்த வினை. நாலு கோர். மாட்டு வண்டி. பதினாறு கோர் இருந்திருந்தா ஆனி மாசமே ஆல்பத்தை முடிச்சிருப்பேன்."

டீச்சர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்.

"மிஷினைக் குடுங்க."

மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார்கள். டீச்சர் ஒரு மூலையில் சின்னச் சின்னக் கட்டங்களை வரவழைத்தார். நாலு கட்டம். ஒவ்வொரு ஆளும் எவ்வளவு வேலை பார்க்கிறான் என்று அந்தக் கட்டத்தில் கோடு ஏறி இறங்கிக் காட்டும்.

"இப்ப உங்க வேலையைச் செய்யுங்க."

உலகநாதன் ஒரு படத்தைத் திறந்தார். வடிவு மணமேடையில் உட்கார்ந்திருக்கிற படம். நெற்றியில் சந்தனம் வழிந்திருந்ததைத் துடைப்பதற்காகப் பிரஷ்ஷை எடுத்து ஓட்டினார். திரையில் பிரஷ் திக்கித் திக்கி நகர்ந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்."

"படத்தைப் பாக்காதீங்க. கட்டத்தைப் பாருங்க."

பார்த்தார்.

முதல் கட்டத்தில் கோடு உச்சந்தலைவரை ஏறி நின்றது. மற்ற மூன்று கட்டத்திலும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"ஒருத்தர் வேலை பாக்காரு. மத்த மூணு பேரும் என்ன செய்யுதாக?"

"சும்மா இருக்காக."

"ஏன் சும்மா இருக்காக?"

உலகநாதன் யோசித்தார். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லை.

"சோம்பேறியா இருப்பாகளோ?"

டீச்சர் அந்தப் படத்தை மூடினார். வடிவு கல்யாணம் என்று பெயர் போட்டிருந்த பெட்டியைத் திறந்தார். மூவாயிரத்து நூற்று நாற்பது படம் இருந்தது.

"இதுல ஆல்பத்துக்கு எது எது?"

"இருநூறு படம். அதை வீட்டுக்காரங்கதான் பாத்துக் குறிச்சுக் குடுக்கணும். அதுதான எங்க தொழில்ல வழக்கம். நாமளா எடுத்து வச்சா, என் சின்னம்மா படம் எங்க, எங்க பெரியப்பா படம் எங்கன்னு சண்டை வந்துரும். ஆனி மாசமே எல்லாப் படத்தையும் பென் டிரைவ்ல போட்டு, வீட்டுப் பெரியவர் கையில குடுத்துட்டேன்."

"குறிச்சுக் குடுத்துட்டாகளா?"

"அது..." உலகநாதன் தலையைச் சொறிந்தார். "அது வரும். வந்தாலும் இந்த மிஷின்ல என்ன செய்ய? முதல்ல மிஷின் சரியாகட்டும்னுதான் நான் கேக்கல."

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். மகாலுக்குள் இருந்து ரசத்தின் வாசனை வர ஆரம்பித்திருந்தது.

"அண்ணாச்சி, உள்ள போய் ரச வாளியைத் தூக்குங்க."

"என்னது?"

"பந்தி ஆரம்பிக்கப் போகுது. போய்ப் பரிமாறுங்க. முதல் பந்தி முடிஞ்சதும் வாங்க."

"டீச்சர், நான் இங்க ஒளிஞ்சு உக்காந்திருக்கேன். என்னைப் போய் அவங்க முன்னாடி வாளியோட நிக்கச் சொல்லுதீங்க. ஆல்பம் எங்கன்னு கேட்டா?"

"கேக்கட்டும்."

"எனக்குப் பதில் சொல்லத் தெரியாது."

"எனக்கும் ஒரு கேள்விக்குப் பதில் வரல. அந்த மூணு பேரும் ஏன் சும்மா இருந்தாக? அதைப் பாத்துட்டு வந்தா, எட்டா பதினாறான்னு சொல்லுதேன்."

இவ்வளவு பெரிய பேச்சை டீச்சர் பேசி உலகநாதன் கேட்டதே இல்லை. எழுந்துவிட்டார். கேட்டவனுக்குக் காரியம் வேண்டியிருக்கிறதே.

*

பந்தி பார்க்கிற நல்லகண்ணு பழகின ஆள். உலகநாதனைப் பார்த்ததும் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. விசேஷ வீட்டில் வாளி தூக்க வருகிறவனிடம் யாரும் முகவரி கேட்பதில்லை.

"வாங்க அண்ணாச்சி. என்கிட்டப் பதினஞ்சு பேர்தான் இருக்காக. உங்களோட பதினாறு."

பதினாறு என்றதும் உலகநாதனுக்குச் சுருக்கென்றது. இந்த நம்பர் எங்கே போனாலும் துரத்துகிறது என்று நினைத்தபடி வேட்டியை மடித்துக் கட்டினார்.

பந்தியில் நாற்பது இலை. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல் என்று வளைகாப்புக்கு உரிய கலவைச் சோறு எல்லாம் முதல் சுற்றில் போனது. பிறகு வெள்ளைச் சோறு, பருப்பு, சாம்பார். பதினாறு பேரும் பம்பரமாகச் சுற்றினார்கள். ஒருவர் அப்பளம் வைத்து நகர, அடுத்தவர் நெய் ஊற்றினார். உலகநாதன் ரசம் விட்டுக்கொண்டே போனார். குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. கைகளை மட்டும் பார்த்தார். மோதிரம் போட்ட கை, மருதாணி போட்ட கை, ரசத்தைக் குழித்து ஏந்துகிற கை.

பத்தே நிமிஷத்தில் மோர் வரைக்கும் வந்துவிட்டது.

உலகநாதனுக்கு உள்ளூரக் குதூகலம். பார்த்தீர்களா டீச்சர், பதினாறு பேர் என்றால் சும்மாவா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் பந்தி நின்றது.

வாளிகள் நின்றன. கரண்டிகள் நின்றன. பதினாறு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். இலையில் இருந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் ஒருவர் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். சமையல்கட்டில் இருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்று உலகநாதன் நல்லகண்ணுவின் காதில் கேட்டார்.

நல்லகண்ணு கண்ணால் காட்டினார்.

பந்தியின் தலைப்பில், முதல் இலையில், ஆவுடையப்பத் தாத்தா தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வடிவுக்கு அம்மாவைப் பெற்றவர். எண்பத்தாறு வயது. ஒரு கவளம் எடுத்தார். அதை உருட்டினார். மாவடுவைத் தொட்டுக்கொண்டார். வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

பந்தியில் மூத்தவர் இலையை மடக்காமல் மற்றவர் எழுந்திருக்கக் கூடாது. அது அந்த வீட்டில் இன்னும் இருக்கிற வழக்கம்.

அடுத்த கவளம்.

"வேணா இன்னொருத்தரை விட்டு வேகமாப் பரிமாறச் சொல்லலாமா?" என்று கேட்டார் உலகநாதன்.

நல்லகண்ணு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நூறு பேரு பரிமாறலாம் அண்ணாச்சி. மெல்லுறது அவருல்லா?"

உலகநாதனின் கையில் வாளி கனத்தது. சுவரோரம் நிற்கும் பதினைந்து பேரையும் பார்த்தார். ஒருத்தரும் சோம்பேறி இல்லை. அவர்கள் பம்பரமாகச் சுற்றியதை அவரே இப்போதுதான் பார்த்தார். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த மூன்று கட்டம் அவர் கண் முன்னால் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா தலையை நிமிர்த்தினார்.

"கொஞ்சம் ரசம் கைல விடும்வே."

வேறு வழியில்லை. உலகநாதன் போனார். தாத்தா கையைக் குழித்து நீட்டினார். ரசம் விழுந்தது. தாத்தா உறிஞ்சினார். உறிஞ்சிவிட்டு வாளிக்காரரின் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"ஸ்டூடியோக்காரரா?"

 வந்தது வினை என்று நினைத்தார் உலகநாதன்.

"ஆமா தாத்தா."

"கோவிச்சுக்கிடாதீரும்."

உலகநாதனுக்குப் புரியவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய வார்த்தை.

"உம்ம பென் டிரைவ் ஏழு மாசமா என்கிட்டத்தான் கெடக்கு. ஆல்பம் பிந்துறது என்னாலதான். வடிவுக்கு அப்பன் தலைதலையா அடிச்சுக்கிடுதான். ஸ்டூடியோக்காரர் மூஞ்சில எப்படி முழிக்கன்னுதான் இன்னைக்கு உமக்குச் சொல்லாம தென்காசில போய் ஆள் பிடிச்சிருக்கான். நான் சத்தம் போட்டேன். கேக்கல."

உலகநாதன் வாளியைக் கீழே வைத்தார்.

ஏழு மாதமாக அவர் இந்த வீட்டுத் தெருப்பக்கம் போகவில்லை. இவர்கள் ஏழு மாதமாக அவர் கடைப்பக்கம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் ஸ்டாப்புதான் தூரம்.

"எத்தனை படம் பாத்திருக்கீங்க தாத்தா?"

"ரெண்டாயிரத்து நானூறு தாண்டிட்டேன்." தாத்தா குரலில் பெருமை இருந்தது. "தினம் மத்தியானம் சாப்பிட்டு உக்காருவேன். வடிவுக்க தங்கச்சி ஒரு செல்போன்ல போட்டுக் குடுப்பா. இத்துணூண்டு தெரியும். பஞ்சாங்கம் பாக்கிற கண்ணாடியை வச்சுப் பெருசாக்கிப் பாப்பேன். ஒருநாளைக்குப் பத்து, பதினஞ்சு படம்."

"இதுவரைக்கும் எத்தனை எடுத்து வச்சீங்க?"

"அங்கதான் சங்கடம். எல்லாத்தையும்."

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். தாத்தா சிரிக்கவில்லை.

"நீரே சொல்லும். யாரை விட? ஒரு படத்தைப் பாத்தா, அதுல பின்னாடி தண்ணி குடிச்சிட்டு நிக்கான் பாரும், அவன் என்கூட வண்டி ஓட்டினவன் மகன். இன்னொண்ணுல பாதி முகம் தெரியுது, அது என் கொழுந்தியா. அவ படத்துக்கே நிக்க மாட்டா. அவளை விடவா? முடிச்சுக் குடுத்துட்டா உமக்கு ஆல்பம் ஆயிரும். எனக்கு மத்தியானத்துக்கு என்ன இருக்கு?"

 முப்பது வருஷமாக அந்த வீட்டுப் படங்களை எடுத்தவர் உலகநாதன். வெளிச்சம் பார்த்திருக்கிறார், கோணம் பார்த்திருக்கிறார். பின்னால் தண்ணீர் குடிக்கிறவனை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. 

பக்கத்தில் கிடந்த ஒரு முக்காலியை இழுத்துத் தாத்தாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, மீதி எழுநூறுதான இருக்கு. நாளை மறுநாள்ல இருந்து மத்தியானம் நான் வரட்டா? ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். யாரு யாருன்னு நீங்க சொல்லுங்க. யாரை விடணும்கிறதை நான் சொல்லுதேன். கோவம் வந்தா என்மேல வரட்டும்."

தாத்தா யோசித்தார். ஒரு கவளம் கையில் இருந்தது. அதை வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தார்.

"காப்பி சாப்பிடுவீரா?"

"சாப்பிடுவேன்."

"அப்ப சரி. பிள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்கும் நீருதான் படம் எடுக்கணும். தென்காசிக்காரன் என்னைய ஒரு தடவைகூடச் சிரிக்கச் சொல்லல."

சொல்லிவிட்டுத் தாத்தா இலையைத் தன் பக்கமாக மடக்கினார்.

நாற்பது நாற்காலியும் ஒரே சத்தத்தில் பின்னால் நகர்ந்தன.

சுவரோரம் நின்ற பதினைந்து பேரும் பாய்ந்தார்கள். உலகநாதனும்தான். ஒருவர் இந்த வரிசை இலைகளை எடுத்தார், ஒருவர் அந்த வரிசையை. யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. மேஜை துடைத்தாயிற்று, தாள் விரித்தாயிற்று, இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று. அடுத்த பந்திக்காரர்கள் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் நாற்பது இலையிலும் உப்பு விழுந்துவிட்டது.

உலகநாதன் ஈரக் கையோடு நடுவில் நின்றார். நின்று அந்த நாற்பது இலையையும் ஒரு முறை பார்த்தார்.

அப்புறம் தன்பாட்டுக்குச் சிரித்தார்.

மேடையில் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு உட்கார்ந்திருந்த வடிவு அதைப் பார்த்துவிட்டாள். அங்கிருந்தே கையை ஆட்டினாள். வளையல் சத்தம் பந்திவரைக்கும் கேட்டது.

*

டீச்சர் கடையில் அவருடைய லேப்டாப் கவிழ்ந்து கிடந்தது. முதுகு திறந்திருந்தது. டீச்சர் ஒரு பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டு அரிசி மாதிரி அதுவும் அள்ள அள்ள வந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மூணு பேரும் ஏன் சும்மா இருந்தாக?"

"தாத்தா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

டீச்சர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். லேப்டாப்பின் முதுகை மூடி, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர்தான் கையில் இருந்தது. உலகநாதன் அதைப் பார்த்தார். ஐப்பசி மாதத்தில் சிரித்ததற்காக இப்போது வெட்கப்பட்டார்.

"டீச்சர், அதை இன்னொரு தடவை காட்டுங்க. அந்தக் கட்டம்."

மிஷின் எழுந்தது. நாலு கட்டமும் வந்தன. உலகநாதன் இந்தத் தடவை பிரஷ்ஷை எடுக்கவில்லை. முடித்து வைத்திருந்த வேறொரு கல்யாணத்தின் முந்நூறு படத்தை மொத்தமாகச் சின்னதாக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தார்.

நாலு கோடும் ஒன்றாக மேலே ஏறின.

"இலை எடுக்காக," என்றார் உலகநாதன்.

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

உலகநாதன் படத்துப் பெட்டிக்குத் திரும்பிப் போனார். வடிவு மணமேடையில் இருக்கும் படத்தைத் திறந்தார். சந்தனத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த கூட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தூணோரம் ஒருவன் சொம்பை அண்ணாந்து பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். டீச்சரும் பார்க்க வந்தார். சின்னத் திரை. இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

சரியாக இரண்டு மணிக்குப் போன் அடித்தது. துபாயில் கடைக்குள் நின்று மச்சினன் பேசினான். பின்னால் ஒரே சத்தம்.

"அத்தான், ரெண்டும் முன்னாடி இருக்கு. எட்டா, பதினாறா? சீக்கிரம் சொல்லுங்க."

"மாப்ள, அது எட்டே இருக்கட்டும். திரை எது பெருசு?"

"திரையா? மாசக்கணக்கா கோர் கோர்னு உயிரை எடுத்தீங்க. திரை எதுக்கு அத்தான்?"

உலகநாதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வேறொரு லேப்டாப்பின் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"ரெண்டு பேரு பாக்கணும்."